கம்பனி மேப்புக்குத் திரும்பிய கார்

வாகனத்தின் சக்தியைக் கூட்டுவது எப்படி என்று கேட்டு இன்னும் சில தம்பிமார் என்னைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கு வருகிறீர்கள். ஒரு தங்கச்சியும் வருகிறாள். எல்லாரிலும் கெட்டிக்காரி அவள்தான், இதை வாசித்துவிட்டு மற்றவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். நான் கராஜைக் கைமாற்றிவிட்டேன், காதும் பழைய காது இல்லை, ஆனாலும் வருகிறவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்துக் கதைக்கிறேன். சக்தி கூட்டுவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதை நீங்கள் போனில் வீடியோ பார்த்தே என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். கூட்டியதைத் திருப்பி எடுப்பது பற்றித்தான் ஒருவரும் வீடியோ போடுவதில்லை. நான் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டாரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். இந்தக் காலத்துக் காரில் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும், தீப்பொறி எப்போது அடிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்று ஊத வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னக் கணினி தீர்மானிக்கிறது. அதற்குள் இருக்கும் எண்களுக்கு மேப் என்று பெயர். தொழிற்சாலையில் இருந்து வருவது கம்பனி மேப். அதை மாற்றி எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. நல்ல கை எழுதினால் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் அதே காரை வேறொரு காராக்கலாம். அதேபோல ஒரு தடயமும் இல்லாமல் பழையபடி ஆக்கவும் முடியும். தொல்லை வந்தது இந்த இரண்டாவதில்தான்.

சுதாகரன் என்றொரு வாடிக்கையாளன் எனக்கு இருந்தான். வெள்ளவத்தைக்காரன், களுபோவில ஆஸ்பத்திரியில் லாப் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய இரத்தத்தைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுகிறவன். இரண்டாங்கையாக ஒரு நீல நிற ஜப்பான் டர்போ கார் வைத்திருந்தான். சைலன்சரைத் தவிர அதில் எதுவும் மாற்றப்பட்டதில்லை. பெரிய டர்போ போடுங்கள், அதைப் போடுங்கள், இதைப் போடுங்கள் என்று கேட்கிற கூட்டத்துக்குள், இருக்கிறதை வைத்து ஒழுங்காக ஓட வையுங்கள் அண்ணை என்று கேட்ட ஒரே ஆள் அவன். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். அந்தக் காருக்கு நான் எழுதிய மேப்தான் என் தொழிலில் நான் செய்த நல்ல வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஒரே ஒரு அற்ப ஆசை அவனுக்கு இருந்தது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது பின்னால் வெடிச்சத்தம் கேட்க வேண்டுமாம். பட்டாசு கொளுத்த ஆசையென்றால் செட்டியார் தெருவில் வாங்கிக் கொளுத்து என்று ஏசினேன். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். கடைசியில் எஞ்சினுக்குக் கெடுதல் வராத அளவில், மெதுவாக இரண்டே இரண்டு வெடி வரும்படி எழுதிக் கொடுத்தேன். அவன் வீட்டுக்குப் போகிற குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பும்போது டப் டப் என்று கேட்கும். அவனுடைய மகள் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். பேச்சுத் திருந்துவதற்கு முன்னமே அவள் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். டப் டப் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிப்போய் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று அவன் வந்து பெருமையாகச் சொன்னான். அதன் பிறகு அந்த வெடியைப் பற்றி நான் அவனை ஏசவில்லை.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன வருடம் வந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள், வரிசையில் நின்ற ஞாபகம் இருக்கும். தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோல் கண்ணிலேயே படவில்லை. நான் எழுதிய மேப்கள் எல்லாம் அதை நம்பி எழுதப்பட்டவை. தரம் குறைந்த பெற்றோலை ஊற்றி அந்த மேப்பில் ஓடினால் தீ நேரத்துக்கு முந்திப் பற்றிக்கொள்ளும், சிலிண்டருக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரி அடி விழும். நான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போன் எடுத்து, வாருங்கள், தொண்ணூற்றிரண்டுக்கு ஏற்றபடி மேப்பை இறக்கித் தருகிறேன் என்றேன். பலர் வந்தார்கள். சுதா வரவில்லை.

"வரத்தான் வேணும் அண்ணை," என்றான். "ஆனா உங்கட இடத்துக்கு வந்து போற பெற்றோல்ல நான் ரெண்டு தரம் டியூட்டிக்குப் போவன். பெற்றோலுக்கு ஏத்த மாதிரி காரை மாத்த வாறதுக்கே பெற்றோல் இல்லை."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்த நாட்களில் அப்படியான பகிடிகள் நிறைய இருந்தன. சரி, மெதுவாக ஓடு, டர்போவை எழுப்பாதே என்று சொல்லி போனை வைத்தேன். அவ்வளவுதான். லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு கொச்சிக்கடையில் பஸ் ஏறி, கோட்டையில் மாறி, காலி வீதியில் இறங்கியிருந்தால் அவன் வீட்டு முற்றத்திலேயே வேலையை முடித்திருக்கலாம். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. எங்கள் தொழிலில் கார்தான் எங்களிடம் வரும், நாங்கள் காரிடம் போவதில்லை. இது எங்கும் எழுதப்பட்ட சட்டமல்ல, சும்மா ஒரு பழக்கம்.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் நாட்டைவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் என் வேலை தலைகீழாக மாறியது. போகிறவர்கள் காரை விற்க வேண்டும். மேப் மாற்றிய கார் என்று தெரிந்தால் வாங்குகிறவன் பின்வாங்குவான். ஆகவே நான் எழுதிய மேப்களை நானே அழித்துக் கம்பனி மேப்பைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். முதல் நாளில் கம்பனி மேப்பைப் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்கள் கையை வைப்போம், உங்களுக்கும் அது பழக்கமாகியிருக்கும். அதனால் திருப்பி எழுதுவது சின்ன வேலை. மனதுக்குத்தான் அது சின்ன வேலையாக இருக்கவில்லை. வாழ்க்கையில் செய்த வேலையை ஒவ்வொன்றாக நானே துடைத்து அனுப்பினேன்.

சுதாவும் வந்தான். மெல்பேர்னில் ஒரு லாப் வேலை கிடைத்திருந்தது. மனைவி மாலினி, மகள், தான், மூன்று பேரும் ஒன்றாகப் போவதற்கு அவனிடம் இருந்த ஒரே வழி அந்தக் கார். அது விற்றால் மூன்று பேரும் போகலாம், விற்காவிட்டால் அவன் மட்டும்தான் போகலாம். அதை அவன் ஒளிக்காமல் சொன்னான். கொச்சிக்கடையில் ஒரு தம்பி வாங்க ஆசைப்படுகிறான், கம்பனி மேப்பைப் போட்டுத் தாங்கோ அண்ணை என்றான்.

எழுதுவதற்கு முன் நான் கணினியின் நினைவை வாசித்துப் பார்த்தேன். எஞ்சினுக்குள் அடி விழும்போதெல்லாம் கணினி தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்து, இழுத்ததை ஞாபகமும் வைத்திருக்கும். அந்தக் காரில் அது இழுத்து இழுத்துக் களைத்துப்போயிருந்தது. நான் அவனுக்குத் திரையைக் காட்டினேன். கிடைத்த பெற்றோலையெல்லாம் அடித்து ஓடியிருக்கிறாய், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியவில்லை, கம்ப்ரெஷன் டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்றேன். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கிற சோதனை அது.

"வேண்டாம் அண்ணை," என்றான். "எடுத்தால் தெரிஞ்சிடும். தெரிஞ்சால் சொல்லவேண்டி வரும். தெரியாமலே இருக்கட்டும்."

இரத்தம் சோதிக்கிறவன் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது. நான் அவனைப் பார்த்தேன், அவன் சுவரைப் பார்த்தான். மூன்று பேர் ஒன்றாகப் போக வேண்டும் என்கிற நினைப்பைத் தவிர அவன் தலைக்குள் அன்றைக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. எனக்கும் அவன்மேல் இரக்கம். நான் லப்டொப்பைத் திறந்து கம்பனி மேப்பை எழுதினேன். புதிய மேப் எழுதினால் கணினி சேர்த்து வைத்த ஞாபகமும் அழிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்தபோது அந்தக் கார் ஒரு பாவமும் அறியாத கார்.

அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தான். ஒழுங்கைக்குள் திரும்பி வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்த பிறகுதான் மாலினி வந்து கேற்றைத் திறந்தாளாம். மகள் உள்ளே இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாளாம், எழும்பவே இல்லையாம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

சில நாட்களில் அந்த நீலக் கார் திரும்ப என் கராஜுக்கு வந்தது. ஓட்டி வந்தது சுதா இல்லை. வாங்க இருந்த கொச்சிக்கடைத் தம்பி ரிஸ்வான். காரைக் கொண்டுபோய் விரும்பிய இடத்தில் காட்டிவிட்டு வரலாம் என்று சுதா கார்த் திறப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தான். அவர் என்னிடம் வருவார் என்று சுதா நினைத்திருக்கமாட்டான். ரிஸ்வானுக்கும் நான்தான் அந்தக் காருக்கு மேப் எழுதியவன் என்று தெரியாது. இன்னொரு கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்களாம், ஒரு குறையும் இல்லையாம். ஆனாலும் கொட்டாஞ்சேனையில் எல்லாரும் என் காதைப் பற்றிச் சொன்னதால் வந்தாராம். கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான், மனைவி வீடு மாத்தறையில், கிழமைக்கு ஒரு தடவையாவது அதிவேகப் பாதையில் போய்வர வேண்டும் என்றார்.

நான் பொனட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டேன். கார் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் சத்தத்தில் ஒரு மெல்லிய தள்ளாட்டம் இருந்தது. சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தேன். நான்கு சிலிண்டரில் மூன்று நன்றாக இருந்தன, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் அழுத்தம் விழுந்துவிட்டிருந்தது. வளையம் மாட்டியிருக்கும் இடத்தில் பிஸ்டன் வெடித்துப் பிளந்திருக்க வேண்டும். மெதுவாக வெள்ளவத்தைக்கும் களுபோவிலைக்கும் ஓடினால் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். மாத்தறைக்கு விரட்டிக்கொண்டு போனால் எந்த இடத்தில் கைவிடும் என்று சொல்ல முடியாது. உதிரிப்பாகமும் அப்போது நாட்டுக்குள் வருவதில்லை.

ரிஸ்வான் கருவியின் முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணன், எனக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்க சொல்லுங்க. இதுல யாராச்சும் கை வெச்சீக்காங்களா?"

இந்த இடத்தில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளனுடைய காரில் என்ன செய்தோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் மரியாதை. நான் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஒன்றுமில்லை தம்பி, பழைய எஞ்சின் இப்படித்தான் என்று சொல்லியிருந்தால் அந்தத் தம்பி நம்பியிருப்பார். வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், அவர் விட்ட காரை அடுத்தவன் வாங்கி மாட்டியிருப்பான். கையைக் கழுவித் துடைப்பதாகக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றேன். பிறகு போனை எடுத்துச் சுதாவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

ரிஸ்வான் என்னோடு நிற்கிறார், டெஸ்ட் எடுத்தாயிற்று, மூன்றாவது சிலிண்டர் போய்விட்டது, இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார் என்றேன். "நான் அதுக்குப் பதில் சொல்லமாட்டன். கார் உன்னுடையது. நீயே சொல்லு."

ஆஸ்பத்திரி லாப்பில் ஏதோ இயந்திரம் சுற்றுவது மட்டும் கேட்டது. நான் பொறுமையிழந்து ஒரு வார்த்தை கேட்டேன். அதைக் கேட்டிருக்கத் தேவையில்லை.

"நீ ஒரு ரத்த ரிப்போர்ட்டை மாத்தி எழுதுவியா சுதா?"

"அது மற்ற ஆக்களிண்ட ரத்தம் அண்ணை," என்றான்.

பிறகு அவனாகவே ரிஸ்வானிடம் கதைத்தான். மேப் மாற்றி ஓடின கார், பெற்றோல் இல்லாத காலத்தில் கையில் கிடைத்ததை அடித்து ஓடினேன், நீங்கள் வாங்க வேண்டாம் தம்பி என்றான். யாருக்கோ ரிப்போர்ட் வாசித்துக் காட்டுகிறவன் மாதிரிச் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தான்.

ரிஸ்வான் என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் தனக்கு நடந்ததைப் போகுமிடமெல்லாம் சொன்னார். இந்தக் கொழும்பில் நீல டர்போ கார் எத்தனை இருக்கப் போகிறது? கார்ப் பைத்தியங்களின் வட்சப் குழுக்களில் அந்தக் கார் ஒரு கிழமைக்குள் பிரபலமாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்து பார்த்தவர்கள் எல்லாம் கழற்றி உதிரிப்பாகமாக விற்பதற்குத்தான் கேட்டார்கள். சுதா கழற்றக் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டான். வேலையில் சேரவேண்டிய நாள் வந்தது. அவன் தனியாகப் போனான். மாலினியும் மகளும் வெள்ளவத்தையில்.

போகும் முன் அவன் என்னிடம் வரவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் கொட்டாஞ்சேனையைத் தாண்டித்தான் போயிருப்பான்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கெட்டிக்காரத் தங்கச்சி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். சரிதான். நாளைக்கு அதே கேள்வியை ஒருவர் கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் போனை எடுத்ததைப் பற்றிய வருத்தம் இல்லை. அதற்கு முந்திய இரண்டு நாட்களைப் பற்றிய வருத்தம். டெஸ்ட் வேண்டாம் என்று அவன் சொன்னபோது நான் லப்டொப்பை மூடியிருக்கலாம். அவன் கத்தியிருப்பான், பிறகு இருவரும் உட்கார்ந்து வேறு வழி யோசித்திருப்போம், ரிஸ்வான் என்கிற மனிதர் நடுவில் வந்திருக்கவே மாட்டார். அதற்கும் முந்தி, கார் வர முடியாது என்று அவன் சொன்ன நாளில் நான் பஸ் ஏறியிருக்கலாம். எஞ்சின் தப்பியிருக்கும். நெருக்கடி வந்து கழுத்தைப் பிடிக்கும்போது சரியாக முடிவெடுப்பதைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். நீங்கள் அந்தச் சாதாரண நாட்களைக் கவனியுங்கள், ஒரு பகிடியைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனை வைக்கிற நாட்களை.

இப்போது நான் பஸ் ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொச்சிக்கடையில் ஏறி, கோட்டையில் மாறி, வெள்ளவத்தையில் இறங்கிக் கடற்பக்க ஒழுங்கைக்குள் நடக்கிறேன். எஞ்சினை இறக்கி என் செலவில் செய்து தருகிறேன் என்று மாலினியிடம் சொன்னேன். அவரைக் கேட்டுச் சொல்லுறன் அண்ணை என்றாள். கேட்டாளோ தெரியாது, பதில் வரவில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை. கடல் உப்பு கார்களைத் தின்றுவிடும், பற்றரியும் செத்துவிடும், அதனால் கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பதற்கு மட்டும் அனுமதி கேட்டேன். அதற்குத் தலையசைத்தாள். தேநீர் தருவாள், சுதாவின் சுகத்தைக் கேட்டால் நல்லா இருக்கிறார் என்பாள்.

போன ஞாயிறும் போனேன். காரை மூடியிருந்த உறையை உருவி மடித்து வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். மகள் வெளியே வந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், முன்பல் விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்து பின்னால் போய்க் குனிந்து குழாயைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, புகை அடிக்கும், தள்ளி நில்லு பிள்ளை என்றேன். அவள் முன்னால் வந்தாள்.

"பெரியப்பா, இது ஏன் டப் டப் எண்டு கேக்குதில்லை?"

நான் காலை அக்சிலேற்றரில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"அப்பா வரேக்க அப்பிடித்தான் கேக்கும்," என்றாள். "அது கேட்டால்தான் நான் கேற் திறப்பன்."

நான் எழுதிய மேப் என்னுடைய லப்டொப்பில் இன்னும் இருக்கிறது. அதை எழுதினால் டப் டப் வரும். வெடித்த பிஸ்டனோடு அந்த மேப்பை அந்த எஞ்சின் தாங்காது. இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ரிஸ்வானிடம் சொல்ல முடியாமல் போன பொய் இவளிடம் யோசிக்காமல் வந்துவிட்டது.

"எஞ்சின் இன்னும் சூடாகேல்லை பிள்ளை. சூடானால் கேக்கும்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்க் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெப்பமானியின் முள் மெதுவாக ஏறி, கொஞ்ச நேரத்தில் நடுவுக்கு வந்து நின்றது. வழக்கமாக அத்தோடு நான் நிறுத்திவிடுவேன். அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு எஞ்சினை நிறுத்த மனம் வரவில்லை.